வெட்கக்கேடு யாருடையது? மத்தேரா குகைநகரின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவில் இத்தாலியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் அமைப்புக்குள்ளேயே சிலருக்கு நெருடலாக இருந்தது. நம் சேரிகளின் வரலாறே இன்னும் எழுதி முடியாத நிலையில் அயல்நாட்டுக் குகைகளைப் பார்த்துவந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு இந்த உரையின் போக்கில் பதில் சொல்ல முயல்கிறோம். இப்போதைக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடலாம். மத்தேரா என்ற அந்த ஊரில் பாறையைக் குடைந்து வாழ்ந்த ஏழை விவசாயக் கூலிகளின் குடியிருப்பை ஒரு காலத்தில் 'தேசிய வெட்கக்கேடு' என்றார்கள். பிறகு சட்டம் போட்டு அவர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் போன பிறகு அதே குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. இன்று அவற்றில் பல, நட்சத்திர விடுதிகள். ஒரே கல், ஒரே குகை. வெட்கக்கேடு எப்போது பெருமையாக மாறியது, யார் இல்லாமல்போன பிறகு மாறியது என்பதுதான் நமக்கு முன்னால் உள்ள விஷயம்.

மத்தேரா தென்இத்தாலியில் பசிலிகாத்தா மாநிலத்தில் இருக்கிறது. பழைய பெயர் லுகானியா. கிரவினா என்ற ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில், மென்மையான சுண்ணாம்புப் பாறையில் ஊர் இறங்கிப் போகிறது. உளியால் எளிதாக வெட்டக்கூடிய கல் அது. காற்றுப் பட்டால் இறுகும். அந்த ஊர் மக்கள் 'துஃபோ' என்கிறார்கள். நடுவில் ஒரு மேடு, அதன் உச்சியில் 13ஆம் நூற்றாண்டுத் தலைமைத் தேவாலயம். மேட்டின் இரு பக்கமும் கிண்ணம்போல இரண்டு சரிவுகள். ஒன்று சாஸ்ஸோ கவேயோசோ, மற்றது சாஸ்ஸோ பரிசானோ. இரண்டையும் சேர்த்து 'சாஸ்ஸி' என்பார்கள். கற்கள் என்று பொருள். ஒரு வீட்டின் கூரைதான் மேல்வீட்டுக்குப் போகும் பாதை. முகப்பு மட்டும் கல் அடுக்கிக் கட்டியது. உள்ளே போகப் போகக் குகை.

பள்ளத்தாக்கின் மறுகரையில் உள்ள முர்ஜா மேட்டுநிலத்தில் புதிய கற்கால மக்களின் குடியிருப்புத் தடயங்கள் இருக்கின்றன. இந்தப் பகுதியில் கற்காலத்திலிருந்தே மனிதர் வாழ்ந்துவந்ததை வெளிக்கொண்டுவந்தவர் தொமெனிகோ ரிதோலா என்ற மருத்துவர். அவர் பெயரிலான அருங்காட்சியகம் 1911இல் தொடங்கப்பட்டது. சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இந்தத் தொன்மை மிகவும் பிடிக்கும். 'உலகின் மிகப் பழைய நகரங்களில் ஒன்று', 'பல்லாயிரம் ஆண்டுகளாக இடைவிடாமல் மனிதர் வாழ்ந்த இடம்' என்று தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். கேட்டுக்கொண்டே நடந்தபோது எங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. 'இடைவிடாமல்' என்ற அந்தச் சொல், ஏழை குகையில் வாழ்வதை இயற்கை நியதிபோல ஆக்கிவிடுகிறதே! ஆதி மனிதன் குகையில் வாழ்ந்தான், 1950இல் கூலிக்காரனும் குகையில் வாழ்ந்தான், நடுவே ஒன்றும் நடக்கவில்லை என்பதுபோல ஒரு கதை.

நடுவே நிறைய நடந்தது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இடைக்காலத்தில் இந்தப் பாறைகளில் கிறித்தவத் துறவிகள் வந்து தங்கினார்கள். கிரேக்க மரபினரும் இலத்தீன் மரபினரும் உண்டு. மத்தேராவிலும் சுற்றுப்புறத்திலும் 150க்கும் அதிகமான குடைவரைத் தேவாலயங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சில வெறும் பொந்துபோலத் தெரியும். உள்ளே நுழைந்தால் தூண்கள், வளைவுகள், குவிமாடம், பலிபீடம் எல்லாம் இருக்கும். எதுவும் கட்டப்பட்டதல்ல; கல்லைக் கழித்துக் கழித்து எடுத்தது. குவிமாடம் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை, தூண் எதையும் முட்டுக்கொடுக்கவில்லை. கட்டிய கோயிலைப் பார்த்த கண், அதே வடிவத்தைப் பாறைக்குள் தேடி எடுத்திருக்கிறது. இதைச் செய்த கல்வெட்டுக்காரர்களின் பெயர் எங்கும் காணவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சாந்தா லூசியா அல்லே மால்வே என்ற கோயில் பெனடிக்ட் சபைக் கன்னியர் இருந்த இடம். உள்ளே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சுவரோவியம்: குழந்தைக்குப் பால் கொடுக்கும் மரியாள். அதே கோயிலின் ஒரு பகுதி பிற்காலத்தில் வீடாக மாற்றப்பட்டு 1960 வாக்கில்வரை மனிதர் குடியிருந்ததாகும். அடுப்பு வைத்த இடம் இன்றும் தெரிகிறது. ஓவியத்தில் தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். சாஸ்ஸியிலோ அன்று பச்சிளங்குழந்தைகள் இறப்பது அன்றாடச் செய்தி. சாந்த் அந்தோனியோ குடைவரைத் தொகுதியில் நான்கு கோயில்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. அவை பின்னாளில் திராட்சை மதுவைத் தேக்கிவைக்கும் நிலவறைகளாயின. இப்படிக் கோயில் தொழுவமானது, தொழுவம் வீடானது, வீடு கிடங்கானது. புனிதம் கெட்டுப்போனதாகப் புலம்புகிற கலை வரலாற்றாசிரியர்களோடு நமக்கு உடன்பாடில்லை. கூரையில்லாத மனிதனுக்குக் கோயில் கூரையானதில் என்ன கெட்டுப்போயிற்று?

ஊருக்கு வெளியே உள்ள இன்னொரு குடைவரையையும் சொல்ல வேண்டும். 'ஆதிப் பாவத்தின் குடைவரை' என்று இன்று அழைக்கிறார்கள். லொம்பார்து ஆட்சிக் காலத்தைச் சேர்ந்த அதன் சுவர்களில் ஆதாம், ஏவாள், தேவதூதர்கள், அப்போஸ்தலர்கள், அடியில் வரிசையாகச் சிவப்புப் பூக்கள். வரைந்தவர் பெயர் தெரியாததால் 'மத்தேராவின் பூ ஓவியர்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இது 1963இல் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று எல்லா நூல்களிலும் இருக்கிறது. லா ஸ்காலெத்தா என்ற உள்ளூர்ப் பண்பாட்டு வட்டத்து இளைஞர்கள் தேடிப்போய்க் கண்டார்கள். அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல ஓவியங்கள் அழிந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே ஆட்டுக்கிடை போட்டுவந்த மேய்ப்பர்களுக்கு அந்த இடம் தெரியும். 'நூறு புனிதர்களின் குகை' என்று அவர்கள் பெயரே வைத்திருந்தார்கள். மேய்ப்பர் அறிந்தது அறிவாகவில்லை. படித்தவர் பார்த்த நாள்தான் கண்டுபிடித்த நாள். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த ஒரு சொல்லையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாம்.

சரி, குகை எப்படி வறுமையின் வீடாயிற்று? பழைய மத்தேராவில் குகை என்பது பல வேலைகளுக்கானது. தானியக் களஞ்சியம், ஆலை, தொழுவம், நீர்த்தொட்டி என்று பாறைக்குள் ஒரு முழு ஊர் இயங்கியது. மழைநீரைச் சொட்டுகூட வீணாக்காமல் வழிநடத்திச் சேர்க்கும் அமைப்பு இருந்தது. மேல்நகரில் விட்டோரியோ வெனெத்தோ சதுக்கத்தின் அடியில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. சுமார் 50 லட்சம் லிட்டர் கொள்ளும். உள்ளே இறங்கிப் பார்த்தால் கோயில் மண்டபம்போல இருக்கிறது. இது கையாலாகாத, நாகரிகம் அறியாத மக்களின் ஊர் அன்று. 1663 முதல் 1806 வரை மாநிலத்தின் தலைநகராகவே இருந்தது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நிலைமை மாறியது. வசதியுள்ளோர் மேலே சமவெளிப் பகுதிக்குப் போய் மாளிகை கட்டிக்கொண்டார்கள். தலைநகரம் பொத்தென்சாவுக்கு மாற்றப்பட்டது. மடங்களின் சொத்துக்கள் பறிமுதலாகி விற்பனைக்கு வந்தபோது வாங்கியவர்கள் பணம் படைத்தவர்கள். விவசாயிக்குப் பழக்கவழக்கமாக இருந்துவந்த மேய்ச்சல், விறகு உரிமைகள்தான் போயின. நிலம் பெரும்பண்ணைகளில் குவிந்தது. கீழே மக்கள்தொகை பெருகியது. இடம் போதாமல், மனிதர் வாழ்வதற்காக வெட்டப்படாத குகைகளிலெல்லாம் மனிதர் புகுந்தார்கள். நீர்த்தொட்டியைக் காயவைத்து வீடாக்கினார்கள், நிலவறையை வீடாக்கினார்கள். நீரைத் தேக்குவதற்கென்று வெட்டிய குழியில் குழந்தை பெற்று வளர்த்தால் அதன் நுரையீரல் என்ன ஆகும்? ஆக 20ஆம் நூற்றாண்டு கண்ட அந்த அவலம் கற்காலத்தின் எச்சமல்ல. பண்ணைமுறையும் நிலக்குவிப்பும் இருநூறு ஆண்டுகளில் உண்டாக்கியது. 'இடைவிடாமல்' என்ற சொல் மறைப்பது இதைத்தான்.

மக்கள் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. 1514 டிசம்பர் 29 அன்று, வரிமேல் வரி போட்டுவந்த பிரபு ஜோவன் கார்லோ த்ரமோந்தானோவை ஊர்மக்கள் கொன்றுபோட்டார்கள். அவன் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் அரைகுறையாகவே நிற்கிறது. அவன் விழுந்த தெருவுக்கு 'மீட்புத் தெரு' என்று பெயர். 1943 செப்டம்பர் 21இல் ஜெர்மானிய நாஜிப் படைக்கு எதிராகத் தென்இத்தாலியில் முதலில் எழுந்த நகரங்களில் மத்தேரா முன்வரிசையில் நிற்கிறது. சுற்றுலா வரைபடத்தில் மீட்புத் தெரு இருக்கிறது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால்தான் சொல்கிறார்கள்.

வெளியுலகம் இந்த ஊரை அறிந்தது கார்லோ லெவியின் எழுத்தால். தூரின் நகரத்து யூதர், மருத்துவம் படித்தவர், ஓவியர். முசோலினி ஆட்சியை எதிர்த்ததற்காக 1935இல் லுகானியாவுக்கு நாடுகடத்தப்பட்டு அலியானோ என்ற சிற்றூரில் காவலில் இருந்தார். அந்த அனுபவத்தை எழுதிய நூல் 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' 1945இல் வெளிவந்தது. தலைப்பின் பொருள் நமக்குச் சட்டென்று புரியும். அந்த ஊர்ப் பேச்சில் 'கிறித்தவன்' என்றால் 'மனிதன்' என்று அர்த்தம். எபோலி என்ற ஊரோடு கிறிஸ்து நின்றுவிட்டார், எங்கள் ஊர்வரை வரவில்லை, எனவே நாங்கள் மனிதர் கணக்கில் இல்லை என்பது அந்த விவசாயிகளின் கசப்பான பேச்சு.

அந்த நூலில் மத்தேராவை விவரிப்பது லெவியின் சகோதரி லூயிசா. அவரும் மருத்துவர். தம்பியைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்குவதற்காக மத்தேராவுக்கு வந்தவர், மேலிருந்து அந்தப் பள்ளத்தைப் பார்க்கிறார், பிறகு இறங்குகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனதில் பதித்துக்கொள்ளும் தாந்தேயின் நரகம்போல இருக்கிறது அவருக்கு. திறந்த கதவுகளுக்குள்ளே ஒற்றை அறைக் குகையில் மனிதரும் கழுதையும் பன்றியும். கண்நோயில் இமை சிவந்து ஈ மொய்க்கும் குழந்தைகள், மலேரியாவில் வயிறு வீங்கிய குழந்தைகள். அவர் பின்னாலேயே ஓடிவந்த பிள்ளைகள் கேட்டது காசல்ல, கொய்னா மாத்திரை. நூல் முழுவதிலும் எங்களை அதிகம் தொந்தரவு செய்தது அந்தக் கொய்னா மாத்திரைதான். பிச்சையாக மருந்து கேட்கும் குழந்தைக்குத் தன் நோயின் பெயர் தெரியும். அதற்கு மருந்து உண்டென்றும் தெரியும். தன்னிடம் அது இல்லை என்பதும் தெரியும். 'அறியாமையில் உழலும் மக்கள்' என்று எழுதுவோர் இந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

போருக்குப் பின் அரசியல்வாதிகள் வந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் டோக்ளியாட்டி 1948இல் வந்து தேசிய வெட்கக்கேடு என்றார். கிறித்தவ ஜனநாயகக் கட்சிப் பிரதமர் தெ காஸ்பெரி 1950இல் வந்தார். 1952 மே மாதத்தில் 619ஆம் எண் சட்டம் நிறைவேறியது. சுமார் 15,000 பேர், அதாவது ஊரின் பாதி, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். சாஸ்ஸி அரசுடைமையானது. காலியான குகைகளின் வாசல்களைக் கல் வைத்து அடைத்தார்கள்.

இந்த இடத்தில் நம் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மனிதர் அந்தக் குகைகளில் தொடர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. தண்ணீர், கழிப்பறை, மின்விளக்கு, சன்னல் வேண்டும் என்பது வெளியிலிருந்து திணிக்கப்பட்ட ஆசையல்ல. 'எவ்வளவு அழகான சமூக வாழ்க்கை, அதைக் கலைத்துவிட்டார்களே' என்று இன்று விடுதி மாடத்தில் உட்கார்ந்து பேசுவோரின் பக்கம் நாம் இல்லை. ஆனால் கேள்வி வேறு. வெட்கக்கேடு என்றார்களே, யாருடைய வெட்கக்கேடு? அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் சொல்லியிருப்பார்கள், தேசத்தைக் குற்றஞ்சாட்டத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது போய் ஒட்டிக்கொண்டது குகையில் இருந்தவன் மேல். பண்ணை வைத்திருந்தவன் வீட்டு வாசலில் யாரும் 'வெட்கக்கேடு' என்று எழுதவில்லை. சேரி என்ற ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கிப் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லி வளர்ந்த தலைமுறை இந்த அரங்கில் இருக்கிறது. சொல் எப்படி ஒட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நிலக் கேள்வி அப்போது தீயாக எரிந்துகொண்டிருந்தது. 1944இல் விவசாய அமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் ஃபௌஸ்தோ குல்லோ, தரிசாகக் கிடக்கும் பண்ணை நிலங்களை விவசாயிகளின் கூட்டுறவுகள் எடுத்துப் பயிரிட வழிசெய்யும் ஆணைகளைக் கொண்டுவந்தார். தெற்கெங்கும் கொடி பிடித்து நிலத்தில் இறங்கினார்கள். 1949 டிசம்பரில் மத்தேராவுக்கு அருகில் உள்ள மொந்தெஸ்காலியோசோவில் ஜுசெப்பே நொவெல்லோ என்ற கூலித்தொழிலாளி காவல்படையின் குண்டுக்குப் பலியானார். அதன் பிறகே 1950இன் நிலச்சீர்திருத்தச் சட்டம். அதற்கும் பிறகே சாஸ்ஸிச் சட்டம். வரிசையைக் கவனியுங்கள். நிலம் கேட்டவர்களுக்கு வீடு கிடைத்தது. நிலமும் ஓரளவு கிடைத்தது, மறுக்கவில்லை; ஆனால் குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு இல்லை.

வீடு கட்டிய கதை சமூகவியல் மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். தட்டச்சுப் பொறி நிறுவன முதலாளியும் சமூகச் சிந்தனையாளருமான அத்ரியானோ ஒலிவெத்தியின் முன்முயற்சியில் 1951இல் ஓர் ஆய்வுக் குழு மத்தேராவுக்கு வந்தது. தலைமை வகித்தவர் ஃபிரெடரிக் ஃபிரீட்மன். ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற தத்துவப் பேராசிரியர். இடத்தை அளப்பதற்கு முன் மனிதர்களோடு பேச வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். அவர்கள் கண்டெடுத்த முக்கியமான விஷயம் 'விசினாத்தோ'. ஒரு சின்ன முற்றம், அதைச் சுற்றிச் சில குகைவீடுகள், நடுவில் பொதுக் கிணறு. பெண்கள் அங்கேதான் துவைத்தார்கள், நூற்றார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பிரசவித்தால் மற்றவள் சமைத்தாள். ஆகஸ்டு முதல் நாளில் ஆளுக்கொரு கைப்பிடி பயறு, கோதுமை கொண்டுவந்து ஒரே பானையில் 'கிரப்பியாத்தா' என்ற கூழ் காய்ச்சி எல்லோரும் குடித்தார்கள். கூழ் ஊற்றிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த முற்றத்தைப் புதிய ஊரிலும் தக்கவைக்க வேண்டும் என்று லூதோவிகோ குவரோனி முதலிய கட்டடக் கலைஞர்கள் நினைத்தார்கள். அப்படிப் பிறந்தது லா மர்தெல்லா என்ற கிராமம். 1953இல் குடும்பங்கள் குடியேறின. இரண்டிரண்டு வீடாக, வளைந்த தெருக்களில், தொழுவம் பிரித்து, ரொட்டி அடுப்போடு, நடுவில் தேவாலயத்தோடு. அக்கறையோடு கட்டிய ஊர். இத்தாலியக் கட்டடக் கலை வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. எங்களுக்கும் பார்க்கப் பிடித்தது. ஆனாலும் அதன் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: விவசாயக் கூலி என்றைக்கும் விவசாயியாகவே, கிராமத்திலேயே, தன் 'பண்பாட்டோடு' இருக்கவே விரும்புவான் என்பது. அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றுவோரைப் பார்த்து என்ன சொன்னார் என்பதை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கிராமம் யாருக்கு இனித்தது, யாருக்குக் கசந்தது என்று கேட்காமல் கிராமத்தைக் காப்பாற்றக் கிளம்புவது அறிவாளிகளின் பழைய நோய். லா மர்தெல்லாவுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பலர் தூரினுக்கும் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள்.

மற்றவர்களுக்கு நகரத்தை ஒட்டி செர்ரா வெனெர்தி, ஸ்பினே பியாங்கே, லனேரா போன்ற குடியிருப்புகள் எழுந்தன. ஸ்பினே பியாங்கேயின் தெருக்களில் நாங்கள் ஒரு மாலை நடந்தோம். மரங்கள் வளர்ந்திருக்கின்றன, கீழ்த்தளத்தில் கடைகள், திண்ணையில் முதியவர்கள். ஊருக்கு வெகுதூரத்தில் கொண்டுபோய்க் கொட்டவில்லை என்பது குறிப்பிட வேண்டியது. நடந்தே பழைய ஊருக்குப் போய்விடலாம். கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் அறிந்த எங்களுக்கு அந்தத் தூரம்தான் முதலில் கண்ணில் பட்டது. இருந்தும் அங்கே ஒரு சுற்றுலாப் பேருந்தும் நிற்கவில்லை. சாஸ்ஸியின் வாரிசுகள் வாழும் இடத்தில் பார்க்க எதுவுமில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. மத்தேராவின் கூலிக்காரரை நம்மோடு ஒப்பிடத் தோன்றும். முழுமையாக ஒப்பிட முடியாது. அவர்கள் ஏழைகள், இழிவாகப் பேசப்பட்டவர்கள், வடஇத்தாலியரால் தெற்கத்தியர் என்று கேலி செய்யப்பட்டவர்கள். தெற்கத்தியன் பிறவியிலேயே தாழ்ந்தவன், சோம்பேறி, குற்றவாளி என்று 'விஞ்ஞானம்' பேசிய ஆய்வாளர்களும் இருந்தார்கள். சார்தீனியாவில் பிறந்த கிராம்ஷி 1926இல் தெற்குப் பிரச்சினை குறித்து எழுதிய கட்டுரையில், இந்தக் கருத்தைப் பரப்பியதில் சோசலிஸ்டுகளுக்கும் பங்குண்டு என்று தம் தோழர்களையே குத்திக்காட்டினார். அந்த ஆண்டே கைதானார். சிறையில் எழுதிய குறிப்புகளில் 'சபால்டர்ன்' என்ற சொல்லுக்குப் புதிய கனம் கொடுத்தார். 1982 முதல் ரணஜித் குகா குழுவினரின் தொகுதிகள் வழியாக அந்தச் சொல் இந்தியாவுக்கு வந்தது; தமிழில் 'விளிம்புநிலை' என்றும் 'அடித்தள மக்கள்' என்றும் வழங்குகிறோம். ஆக தென்இத்தாலியக் கூலிக்காரனுக்கும் நம் கருத்தரங்க மேடைக்கும் உண்மையிலேயே ஓர் உறவு இருக்கிறது. ஆனால் மத்தேராவின் மனிதன் தொட்டால் தீட்டு என்று யாரும் குளிக்கவில்லை. அவன் மகன் தூரினில் இரண்டு தலைமுறைக்குள் தூரின்காரன் ஆகிவிட முடிந்தது. சாதி அப்படி விடாது. விளிம்புநிலை என்ற பொதுச்சொல் இந்த வேறுபாட்டை மூடிவிடும் ஆபத்தை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இங்கும் அதை விட்டுவிடக் கூடாது.

மக்கள் போன பின் சாஸ்ஸி பாழூராகக் கிடந்தது. கோயில்களிலிருந்து சிலைகளும் ஓவியத் துண்டுகளும் களவு போயின. 1964இல் பசோலினி தன் மத்தேயு நற்செய்திப் படத்தை இங்கே எடுத்தார். சாஸ்ஸிதான் அதில் எருசலேம். உள்ளூர் விவசாயிகளின் முகங்களே கூட்டக் காட்சிகளில் வருகின்றன. பல பத்தாண்டுகள் கழித்து ஹாலிவுட்டும் இங்கே சிலுவைப்பாடு எடுத்தது. பிறகு ஜேம்ஸ் பாண்டும் வந்து கார் ஓட்டினார். 1986இல் புனரமைப்புக்கென்று சிறப்புச் சட்டம் வந்தது. அரசுடைமையான குகைகள் நீண்டகாலக் குத்தகையில் கொடுக்கப்பட்டன. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சாஸ்ஸியும் குடைவரைக் கோயில் பூங்காவும் சேர்ந்தன. 2019இல் மத்தேரா ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகரம்.

விகோ சொலித்தாரியோவில் ஒரு குகைவீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உயரமான கட்டில், அடியில் கோழிக்கு இடம், சோளச்சக்கை அடைத்த மெத்தை, ஒரு மூலையில் தறி, பின்னால் கழுதைக்கு இடம். கழுதை பொம்மை. பதிவு செய்த குரல் பல மொழிகளில் விளக்குகிறது. அருகிலேயே இதே போன்ற குகை, வெண்மையாகச் சுரண்டி, மெழுகுவத்தி ஏற்றி, ஓர் இரவுக்கு நம் ஊர் ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைக் கேட்கும் விடுதியாக இருக்கிறது. விளம்பரத்தில் 'எளிமை' என்ற சொல் வருகிறது. கழுதைக்குப் பதில் குளியல் தொட்டி.

பொது அடுப்பில் ரொட்டி சுடக் கொடுக்கும்போது எந்த ரொட்டி யாருடையது என்று தெரிய, மாவில் அழுத்தும் மர முத்திரைகளை அங்கங்கே கண்ணாடிப் பெட்டியில் பார்த்தோம். மேய்ப்பர்கள் செதுக்கியவை. சேவல், மனித உருவம், அடியில் குடும்பத்தலைவரின் பெயரெழுத்துகள். கடைகளில் அதன் நகல்கள் நினைவுப் பரிசாக விற்பனைக்கு இருக்கின்றன. பெரும்பாலும் எழுத்தறியாத வீடுகள். ஆனாலும் தன் ரொட்டியைத் தன் எழுத்தால் அடையாளம் கண்டார்கள்.

இதைச் சொல்லும்போது ரொக்கோ ஸ்கொதெல்லாரோவை விட்டுவிட முடியாது. 1923இல் மத்தேரா மாவட்டத்துத் திரிகாரிகோவில் பிறந்தவர். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் தையல்காரி, எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். 1946இல் 23 வயதில் சோசலிஸ்டாக நின்று ஊரின் மேயரானார். நிலப் போராட்டத்தில் கூலிக்காரர்களோடு நின்றார். 1950இல் எதிரிகள் புனைந்த வழக்கில் மத்தேரா சிறையில் வாரக்கணக்கில் கிடந்தார், பின்பு விடுதலையானார். 1953 டிசம்பரில் 30 வயதில் இறந்துபோனார். கவிஞர் என்றுதான் அவரைக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அவருடைய முடியாத ஒரு நூல் முக்கியமாகப் படுகிறது: 'தெற்கின் விவசாயிகள்'. இறந்த பின் 1954இல் வந்தது. விவசாயிகளிடம் போய், உன் வாழ்க்கையை நீயே சொல் என்று கேட்டு அவர்கள் மொழியிலேயே பதிந்த வாழ்க்கைக் கதைகள். ஆய்வுக் குழுக்கள் வந்து முற்றத்தை அளந்த அதே காலத்தில், உள்ளூர்ச் செருப்புத் தொழிலாளியின் மகன் செய்த வேலை இது. தன்வரலாறுகளிலிருந்து எழுந்த நம் இலக்கிய இயக்கத்துக்கு இந்த மனிதர் தமிழில் வர வேண்டும். இத்தாலியம் தெரிந்த நண்பர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பேசுங்கள்.

நம் அமைப்பின் இளைஞர்கள் சிலர் தங்கள் குடியிருப்புகளில் முதியவர்களின் பேச்சைப் பதிந்துவருகிறார்கள். 'சேரி அருங்காட்சியகம்' ஒன்று வேண்டும் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. மத்தேராவைப் பார்த்தபின் எங்களுக்கு அதில் சில கேள்விகள். பறையும் உரலும் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும்போது யார் சாவி வைத்திருப்பார்கள்? நிலம் யாரிடம் இருந்தது என்ற பட்டா விவரம் அந்த அருங்காட்சியகத்தின் எந்தச் சுவரில் தொங்கும்? விகோ சொலித்தாரியோவின் குகையில் எல்லாம் இருந்தது. அந்தக் குடும்பம் யாருடைய வயலில் உழைத்தது என்ற ஒரு வரியை நாங்கள் தேடிப் பார்த்தோம், எங்கள் கண்ணில் படவில்லை.

கடைசி நாள் லன்ஃபிராங்கி மாளிகையில் கார்லோ லெவியின் 'லுகானியா 61' ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றோம். 1961இல் இத்தாலி ஒன்றிணைந்த நூற்றாண்டு விழாவுக்காகத் தூரினில் வைக்க வரைந்தது. 18 மீட்டருக்கும் அதிக நீளம். ஒரு பக்கம் ஸ்கொதெல்லாரோவின் சடலத்தைச் சுற்றிக் கறுப்பு உடைப் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். குகைக்குள் பிள்ளைகள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் அதே ஸ்கொதெல்லாரோ, சிவந்த முடியோடு, உயிரோடு, சதுக்கத்தில் கூலிக்காரர்கள் நடுவே நின்று பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் சிலர் அவரைப் பார்க்கிறார்கள். சிலர் நம்மைப் பார்க்கிறார்கள்.